சீட்டுக்குள் அடங்கிய காதல்: சம்யாத்தினின் ‘வீ’ நாவலில் இணக்கமும் சுதந்திர இழப்பும்

ஆய்வுச் சுருக்கம்

ரஷ்ய எழுத்தாளர் யெவ்கெனி சம்யாத்தின் 1920–21ஆம் ஆண்டுகளில் எழுதிய ‘வீ’ நாவல், காதலை விடுதலையின் குறியீடாகவும் அரசை அதன் பகையாகவும் நிறுத்தும் படைப்பாகப் பொதுவாக வாசிக்கப்பெறுகின்றது. இவ்வாசிப்பு நாவலின் முக்கியமான ஒரு கூற்றைக் கவனிக்கத் தவறுகின்றது. நாவலின் அரசு காதலைத் தடைசெய்யவில்லை. பங்கீட்டுப் பொருளாக மாற்றியிருக்கின்றது. இதிலிருந்து தொடங்கும் இக்கட்டுரை, கதைசொல்லியாகிய டி-503இன் காதல் இணக்கத்தின் மற்றொரு வடிவமே என்பதையும், திறனாய்வாளர்கள் அதிகம் பேசாத ஓ-90 என்னும் பாத்திரத்திடமே காதல் சுதந்திரச் செயலாக மாறுகின்றது என்பதையும் ஆராய்கின்றது. தன்மைப் பன்மையில் தமிழ் காட்டும் ‘நாம்’, ‘நாங்கள்’ வேறுபாடு இவ்வாய்விற்குத் துணைக்கருவியாகக் கொள்ளப்படுகின்றது.

திறவுச்சொற்கள்: சம்யாத்தின், டிஸ்டோப்பியா, இணக்கம், தன்மைப் பன்மை, ஆர்வெல், காதல்.

முன்னுரை

டிஸ்டோப்பிய நாவல்களைப் பேசுவோர் ஆல்டஸ் ஹக்ஸ்லியின் ‘பிரேவ் நியூ வேர்ல்டு’ (1932), ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’ (1949) ஆகிய இரண்டிலிருந்தே பெரும்பாலும் தொடங்குவர். இவ்விரண்டிற்கும் முற்பட்ட சம்யாத்தினின் நாவல் ஒரு முன்னோடி என்ற அளவில் ஓரிரு வரிகளில் குறிப்பிடப்பட்டுக் கடந்து செல்லப்படுகின்றது. ஆர்வெல் அதனைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பின்வழிப் படித்து 1946இல் ‘டிரிப்யூன்’ இதழில் மதிப்புரை எழுதினார் என்பது, பின்வந்த திறனாய்வுகளில் நாவலைவிடப் பெரிய செய்தியாகிவிட்டது. யாரிடமிருந்து யார் பெற்றார் என்ற வினாவிற்குக் கிடைத்த கவனம், நாவல் எழுப்பும் வினாக்களுக்குக் கிடைக்கவில்லை.

நாவலின் பதிப்பு வரலாறும் இதற்கு ஒரு காரணம். 1924இல் நியூயார்க்கில் ஆங்கில மொழிபெயர்ப்பாகவே அது முதலில் நூல்வடிவம் பெற்றது. முழுமையான ரஷ்ய மூலம் 1952இல், அதுவும் நியூயார்க்கில், அச்சேறியது. சோவியத் ஒன்றியத்திற்குள் 1988இல்தான் வெளிவந்தது. நூல் வெளிநாட்டில் வெளியானதை முன்னிட்டு 1929இல் கடும் கண்டனத்திற்கு உள்ளான சம்யாத்தின், 1931இல் ஸ்டாலினுக்குக் கடிதம் எழுதி நாட்டைவிட்டு வெளியேற அனுமதி பெற்றார்; 1937இல் பாரிசில் மறைந்தார். இந்த வாழ்க்கைக் குறிப்புகள் நாவலைச் சோவியத் எதிர்ப்பு ஆவணமாகச் சுருக்கிப் படிக்கத் தூண்டுகின்றன. அச்சுருக்கம் நாவலுக்கு நேர்ந்த இழப்பு.

காதலைப் பங்கிடும் அரசு

நாவலின் ‘ஒற்றை அரசு’ இருநூற்றாண்டுப் போருக்குப் பின் உருவானது. மக்களுக்குப் பெயர் இல்லை. எழுத்தோடு கூடிய எண்ணே அடையாளம். ஆடவர்க்கு மெய்யெழுத்தும் ஒற்றைப்படை எண்ணும், பெண்டிர்க்கு உயிரெழுத்தும் இரட்டைப்படை எண்ணும் உரியன. வீடுகளின் சுவர்கள் கண்ணாடியால் ஆனவை. நேர அட்டவணையின்படி அனைவரும் ஒரே நொடியில் எழுகின்றனர். ஒரே நொடியில் உணவை வாய்க்குக் கொண்டுசெல்கின்றனர். நகரைச் சூழ்ந்த பச்சைச் சுவருக்கு அப்பால் காடு இருக்கின்றது. விண்கலம் ஒன்றைக் கட்டும் பொறியாளனாகிய டி-503, வேற்றுக்கோள் வாசிகளுக்காக எழுதும் நாற்பது குறிப்புகளே நாவல்.

இவ்வரசு தன் வரலாற்றை இரண்டு வெற்றிகளாகச் சொல்லிக்கொள்கின்றது. முதலில் பசியை வென்றது. பெட்ரோலியத்திலிருந்து உணவு கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குள் மக்கள்தொகையில் மிகப்பெரும்பகுதி அழிந்துவிட்டது என்பதை டி-503 புள்ளிவிவரமாக மட்டுமே குறிப்பிட்டுச் செல்கின்றான். அடுத்து வென்றது காதலை. எந்த எண்ணுக்கும் வேறு எந்த எண்ணின்மீதும் பாலியல் பொருள் என்ற முறையில் உரிமை உண்டு என்பது சட்டம். ஆய்வகத்தில் குருதி சோதிக்கப்படும். உடலின் தேவைக்கேற்ப நாட்கள் வகுக்கப்படும். விரும்பிய எண்ணைக் குறித்து விண்ணப்பித்தால் இளஞ்சிவப்புச் சீட்டுகள் அடங்கிய புத்தகம் கிடைக்கும். சீட்டுடன் வருபவருக்காகக் கண்ணாடிச் சுவரில் திரையை இறக்கிக்கொள்ளலாம்.

இங்கு ஒடுக்குமுறை விலக்கலாக வரவில்லை, வழங்கலாக வருகின்றது என்பதைக் கவனித்தல் வேண்டும். ஆர்வெலின் கட்சி உடல் இன்பத்தை அஞ்சுகின்றது. அதன் ஆற்றலைத் தலைவன் மீதான வெறியாக மடைமாற்ற விரும்புகின்றது. சம்யாத்தினின் அரசுக்கு அத்தகைய அச்சம் இல்லை. மகிழ்ச்சி ஒரு பின்னம் என்று டி-503 விளக்குகின்றான். இன்பம் அதன் தொகுதி. பொறாமை அதன் பகுதி. பகுதியைச் சுழியமாக்கினால் மகிழ்ச்சி முடிவிலியாகும். எவரும் எவரையும் பெறலாம் என்றான பின் பொறாமைக்கு இடமில்லை. கணக்கு பிழையற்றது. ஆனால் அக்கணக்கு செல்லுபடியாவதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: ஒருவரின் இடத்தில் மற்றொருவரை வைத்தல் இயல வேண்டும். காதல் மீறுவது இந்நிபந்தனையை மட்டுமே. ‘இவள்தான், வேறெவரும் அல்லர்’ என்ற உணர்வு தோன்றியவுடன் பகுதியில் மீண்டும் ஓர் எண் ஏறிவிடுகின்றது. டி-503 தன் நோயை முதன்முதலில் உணர்வது இன்பத்தின் வழியாக அன்று, பொறாமையின் வழியாக என்பது தற்செயலன்று.

டி-503க்கும் ஐ-330க்கும் இடையிலான உறவை அகப்பாடல்களின் களவோடு ஒப்பிடத் தோன்றுவது தமிழ் வாசகர்க்கு இயல்பு. அவ்வொப்பீடு நெடுந்தூரம் செல்லாது. களவில் மறைவு காதலர்க்கே உரியது. ஊரார் தூற்றும் அலர்கூட அவ்வுறவைக் கற்பை நோக்கி விரைவுபடுத்தும் கருவியாகிவிடுகின்றது. ஒற்றை அரசில் மறைவையும் அரசே வழங்குகின்றது. திரைக்கும் சீட்டு வேண்டும். ஐ-330 இதனை நன்கு அறிந்தவள். சட்டம் தரும் திரையையே அவள் சட்டத்திற்கு எதிரான சதியின் மறைவிடமாக்குகின்றாள். காதலும் கலகமும் ஒரே திரையைப் பயன்படுத்துவதால் இரண்டையும் பிரித்தறிதல் டி-503க்கும் இயலவில்லை, வாசகர்க்கும் இயலவில்லை.

அட்டவணையின் பிறப்பிடம்

இந்த அட்டவணைக் காதலை 1917 அக்டோபருக்குப் பிந்திய ரஷ்யாவின் நேரடிப் பகடியாக மட்டும் கொள்வதற்கு ஒரு தடை உண்டு. கப்பற்பொறியாளராகிய சம்யாத்தின் 1916–17இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் தங்கி, ரஷ்யாவிற்கான பனியுடைப்புக் கப்பல்களின் கட்டுமானத்தை மேற்பார்த்தவர். அங்கிருந்த காலத்தை ஒட்டி எழுதப்பட்ட ‘தீவினர்’ என்னும் குறுநாவலில், மனிதர்களைக் கட்டாயப்படுத்தியேனும் மீட்க வேண்டும் என நம்பும் ஆங்கிலப் பாதிரியார் ஒருவர் வருகின்றார். உணவு, வழிபாடு, காற்று வாங்குதல் ஆகியவற்றோடு மனைவியுடனான உறவுக்கும் அவர் கால அட்டவணை வைத்திருக்கின்றார். ஒற்றை அரசின் விதை, மதிப்பிற்குரிய நடுத்தரக் குடும்பம் ஒன்றின் வரவேற்பறையில் விழுந்தது.

நாவலில் டி-503 போற்றும் பழங்காலச் சிந்தனையாளரும் மார்க்ஸ் அல்லர். தொழிற்சாலை அசைவுகளை நொடிக்கணக்கில் அளந்த அமெரிக்கரான எஃப். டபிள்யூ. டெய்லர். அவர் தம் முறையைத் தொழிற்சாலை வாயிலோடு நிறுத்திக்கொண்டது குறித்து டி-503 வியக்கின்றான். இருபத்து நான்கு மணிநேரத்திற்கும் அதனை விரிக்க அவருக்குத் தோன்றவில்லையே என வருந்துகின்றான். டெய்லர் முறைமீது அன்றைய சோவியத் தொழில்துறையும் பெருமோகம் கொண்டிருந்தது உண்மை. ஆயினும் சம்யாத்தினின் இலக்கு ஓர் ஆட்சிமுறையைவிட அகன்றது. செயல்திறனைக் கண்ட இடமெல்லாம் அறமாகக் கொண்டாடும் மனநிலையே அவ்விலக்கு. இதனை மறந்து நாவலைப் பனிப்போர்க் கால ஆயுதமாகப் பயன்படுத்தியோர், நாவல் தம்மையும் பார்க்கின்றது என்பதைக் காணாதுபோயினர்.

இடம்மாறிய பணிவு

டி-503இன் மாற்றம் குறித்துப் பெரும்பாலான வாசிப்புகள் கூறுவது இது: எந்திரமாக இருந்தவன் காதலால் மனிதனாகின்றான், பின்னர் அரசு அவனை மீண்டும் எந்திரமாக்குகின்றது. நாவலில் இதற்குச் சான்றுகள் உண்டு. மருத்துவர் அவனைச் சோதித்து, அவனுக்குள் ஆன்மா உருவாகிவிட்டது என நோயறிகின்றார். பள்ளிப் பருவத்தில் கழித்தல் ஒன்றின் வர்க்கமூலத்தைக் கேட்டு அழுத சிறுவனின் நினைவு மீள்கின்றது. கணக்கிற்குள் அடங்காத எண் தனக்குள்ளும் இருப்பதை அவன் உணர்கின்றான். மயிரடர்ந்த தன் கைகளை, காட்டுவாழ்வின் எச்சத்தை, அவன் மறைக்க விரும்புவதும் இவ்வுணர்வின் மறுபக்கம்.

எனினும் இம்மாற்றத்தின் திசையை நுணுகிப் பார்த்தல் வேண்டும். டி-503 ஓரிடத்திலும் சுதந்திரத்தை விரும்புவதில்லை. அவன் விரும்புவது ஐ-330ஐ. அவளிடம் தன்னை ஒப்படைத்தலில் அவன் காணும் இன்பம், இரும்பு காந்தத்திற்குக் கட்டுப்படும் இன்பமாகவே அவனுக்குத் தோன்றுகின்றது. அட்டவணைக்குப் பணிந்தபோது பெற்ற நிம்மதிக்கும் இதற்கும் வேறுபாடு சிறிது. பணிவு அழியவில்லை, இடம்மாறியிருக்கின்றது. அவள் வரச்சொன்னால் பணிநேரத்தைத் துறந்து மருத்துவச் சான்றிதழ் பெறுகின்றான். விண்கலத்தைக் கைப்பற்ற வேண்டுமென்றால் அதற்கும் உடன்படுகின்றான். இவ்வளவும் செய்பவன், அவள் எதற்காகப் போராடுகின்றாள் என்பதை உள்வாங்கியதற்கான அறிகுறி குறைவு. இறுதி எண் எதுவெனச் சொல் என்று அவள் கேட்க, எண்களுக்கு முடிவில்லையே என்று அவன் மறுக்க, அவ்வாறாயின் இறுதிப் புரட்சி என்பதும் இல்லை என அவள் முடிக்கும் உரையாடல் நாவலின் சிந்தனை மையம். அதிலும் டி-503 தோற்ற மாணவனாகவே நிற்கின்றான். உடன்பட்ட தோழனாக அன்று.

ஆதலால் நலம்புரிவோன் என அழைக்கப்படும் ஆட்சித்தலைவன் அவனை வரவழைத்துப் பேசும் காட்சி அவ்வளவு எளிதாக அவனை நொறுக்கிவிடுகின்றது. தலைவன் அச்சுறுத்தவில்லை. விண்கலத்தைக் கட்டுபவன் என்பதற்காக மட்டுமே அவர்கள் உன்னை நாடினர் என்ற ஐயத்தை விதைத்து விடுகின்றான், அவ்வளவே. ஐ-330 டி-503ஐ உண்மையில் காதலித்தாளா என்ற வினாவிற்கு நாவல் விடை தருவதில்லை. கதை முழுவதும் டி-503இன் குறிப்புகளாகவே அமைவதால், அவன் அறியாததை வாசகர் அறிய வழியில்லை. இந்த அறியாமையே அரசுக்குப் போதுமானதாகின்றது. ஆர்வெலின் வின்ஸ்டன் ஸ்மித்தை வீழ்த்த எலிக்கூண்டு தேவைப்பட்டது. டி-503ஐ வீழ்த்த ஓர் ஐயமே போதும். ஏனெனில் அவனது காதல் மற்றொருவரின் உறுதியைச் சார்ந்திருந்தது, தன் உறுதியை அன்று. இவ்விடத்தில் ஆர்வெலைவிடச் சம்யாத்தின் நுட்பமானவர் எனக் கூறலாம். வின்ஸ்டனுக்கும் ஜூலியாவிற்கும் இடையே உறவு உண்மையானது என்பதை ஆர்வெல் ஐயத்திற்கு இடமின்றி நிறுவிவிட்டே அதனை உடைக்கின்றார். உடைப்பின் கொடுமை பெரிது, வினா சிறிது.

ஓ-90

இந்நாவலில் சுதந்திரமாகச் செயற்படும் காதலைத் தேடுவோர் ஓ-90இடம் வந்து சேர்தல் வேண்டும். திறனாய்வுகளில் இவளுக்குக் கிடைக்கும் இடம் மிகக் குறைவு. உருண்டை முகம், குழந்தைத்தனம், எளிய அறிவு என்று டி-503 தரும் சித்திரத்தைத் திறனாய்வாளர்களும் அப்படியே ஏற்றுக்கொண்டனர் போலும். கதைசொல்லியின் பார்வையை நம்பக்கூடாது என்று பக்கம்பக்கமாக எழுதுவோர் இவள் திறத்தில் மட்டும் அவனை நம்பிவிடுகின்றனர்.

தாய்மைக்கென அரசு வகுத்த அளவினும் அவள் பத்து சென்டிமீட்டர் குட்டை. ஆகவே குழந்தை பெறும் உரிமை இல்லை. டி-503இன் மனம் ஐ-330இடம் சென்றுவிட்டதை அறிந்ததும், அவன்மீதான தன் பதிவை விலக்கிக்கொள்வதாக மடல் எழுதுகின்றாள். எவரும் எவருக்கும் உரியர் என்ற நாட்டில், உரிமையிருந்தும் அதனைக் கோர மறுக்கும் முதல் ஆள் அவள். பின்னர் அவனிடம் ஒன்றை மட்டும் கேட்கின்றாள், அவனது குழந்தையை. அதற்குரிய தண்டனை இறப்பு என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தே கேட்கின்றாள். கருவுற்ற பின் ஐ-330இன் உதவியால் தப்பலாம் என்று டி-503 சொல்லும்போது முதலில் மறுத்துவிடுகின்றாள். தன் காதலைப் பறித்தவளிடம் கையேந்த அவளது மானம் இடந்தரவில்லை. குழந்தைக்காகப் பின்னர் அம்மானத்தையும் விடுகின்றாள். இறுதியில் ஐ-330 தரப்பினர் அவளைப் பச்சைச் சுவருக்கு அப்பால் சேர்ப்பிக்கின்றனர்.

இச்செயல்கள் ஒவ்வொன்றிலும் தேர்வு இருக்கின்றது. விலை என்னவென்ற அறிவு இருக்கின்றது. ஐ-330இன் கோட்பாட்டுத் தெளிவு இவளுக்கு இல்லை. டி-503இன் எழுத்தாற்றலும் இல்லை. இருப்பினும் ஒருவரை மற்றொருவரால் ஈடுசெய்யலாம் என்ற அரசின் அடிப்படைக் கணக்கை முழுமையாக மறுத்து, அம்மறுப்போடு உயிர் தப்புபவள் இவள் ஒருத்தியே. அரசு அளந்து ஒதுக்கிய உடலின்வழியே இது நிகழ்கின்றது. தாய்மையை விடுதலையாகக் காட்டுவது பெண்ணை மீண்டும் உடலுக்குள் அடைப்பதாகும் என்ற எதிர்வாதம் வலுவானது. சம்யாத்தினின் பெண்பாத்திரங்கள் இரண்டும் கவர்ச்சி, தாய்மை எனப் பிரிந்து நிற்பதையும் மறுக்க இயலாது. ஆனால் ஓ-90 தாயாவது இயற்கையின் உந்துதலால் நிகழும் விபத்தன்று. சட்டத்தை அறிந்து மீறிய முடிவு. அவ்வளவில் இப்பாத்திரம் தன்னைப் படைத்தவரின் வரையறையையும் சற்று மீறியே நிற்கின்றது.

நாமும் நாங்களும்

ரஷ்ய மொழியின் தன்மைப் பன்மைப் பெயரே இந்நாவலின் தலைப்பு. ஆங்கிலத்தைப் போன்றே அம்மொழியிலும் அச்சொல் ஒன்றே. தமிழுக்குக் கொண்டுவர முனைபவர் முதல் சொல்லிலேயே தடுக்கி நிற்க நேரும். கேட்போரை உளப்படுத்தும் ‘நாம்’ வேறு. உளப்படுத்தாத ‘நாங்கள்’ வேறு. மூலத்தில் இல்லாத ஒரு தேர்வைத் தமிழ் கட்டாயமாக்குகின்றது. இது மொழிபெயர்ப்புச் சிக்கல் மட்டுமன்று; மூலத்தில் மறைந்து கிடக்கும் ஒன்றை வெளிக்கொணரும் கருவியும் ஆகும்.

ஒற்றை அரசு தன்னை ‘நாம்’ எனவே எண்ணிக்கொள்கின்றது. அதற்கு வெளியே எவரும் இல்லை, இருத்தலும் கூடாது. தேர்தல் நடைபெறும் ஒருமித்த நாளில் எதிர்க்கை உயர்வதில்லை என்பதே அந்நாளின் பொருள். ஆனால் டி-503 எழுதத் தொடங்குவது வேற்றுக்கோள் வாசிகளுக்காக. அவர்கள் முன்னிலையார், இன்னும் அரசுக்குள் வராதவர். அவர்களை நோக்கி அவன் எழுதும் தன்மைப் பன்மை ‘நாங்கள்’ ஆகத்தான் இருத்தல் வேண்டும். எழுதத் தொடங்கிய கணத்திலேயே அரசுக்கு ஒரு வெளி உண்டாகிவிடுகின்றது. அவ்வெளியை அழித்து முன்னிலையாரையும் ‘நாம்’ ஆக்குவதற்கே விண்கலம் கட்டப்படுகின்றது. ‘நாங்கள்’ அனைத்தையும் ‘நாம்’ ஆக்கும் பேரவா என்று இவ்வரசின் இயல்பை வரையறுத்துவிடலாம்.

காதல் இதில் எங்கே நுழைகின்றது? டி-503க்கும் ஐ-330க்கும் இடையே மற்றொரு ‘நாம்’ உருவாகின்றது. அஃது இருவரை மட்டும் உளப்படுத்துவது. பிறர் அனைவரையும் புறத்தே நிறுத்துவது. பிறர் நோக்கில் அதுவே ‘நாங்கள்’. அரசு பொறுக்காதது இந்த இரண்டாம் பன்மையைத்தான். தனியொருவனின் ‘நான்’ கூட அதற்கு இத்துணை அச்சமூட்டுவதில்லை. தனியனை எளிதில் நோயாளியாக்கிவிடலாம். இங்கு ஒரு சிறு குறிப்பு பொருந்தும். ஐ-330இன் பெயரிலுள்ள இலத்தீன் எழுத்து ஆங்கிலத்தில் ‘நான்’ எனப் பொருள்படும் என்பதைச் சுட்டித் தனிமனிதவாதத்தின் குறியீடாக அவளைக் காண்பது வழக்கம். இங்கிலாந்தில் வாழ்ந்த சம்யாத்தின் இதனை அறியாதவர் அல்லர். எனினும் அவள் ஓரிடத்திலும் தனியளாகச் செயற்படுவதில்லை; மெஃபி என்னும் கூட்டத்தினருள் ஒருத்தியாகவே இயங்குகின்றாள். ‘நான்’ எதிர் ‘நாம்’ என்ற இருமை, பெயரெழுத்து தரும் கவர்ச்சியில் பிறந்த எளிமைப்படுத்தல்.

அறுவைக்குப் பின்

ஒருமித்த நாளில் ஆயிரக்கணக்கான கைகள் எதிராக உயர்ந்த பின், அரசு புதிய தீர்வைக் காண்கின்றது. கற்பனை தோன்றும் மூளைப்பகுதியை எக்ஸ் கதிரால் பொசுக்குவதே அத்தீர்வு. தண்டனையாக அன்று, மருத்துவ உதவியாக அஃது அறிவிக்கப்படுகின்றது. காதலை அழிக்க உடலையோ விருப்பத்தையோ அழிக்கத் தேவையில்லை, கற்பனையை அழித்தால் போதும் என்ற கண்டுபிடிப்பு இந்நாவலின் ஆழமான பகுதி. இல்லாதவரை நினைத்தல், வராதவருக்காகக் காத்திருத்தல், பிறர் அகத்தைத் தன் அகத்தில் வரைந்து பார்த்தல் ஆகியன கற்பனையின் தொழில்கள். இவை நீங்கிய பின் எஞ்சும் விருப்பத்திற்கு இளஞ்சிவப்புச் சீட்டே போதுமானது.

வலிந்து அறுவைக்கு உட்படுத்தப்பட்ட டி-503, மறுநாள் தானே சென்று தோழர்கள் அனைவரையும் காட்டிக்கொடுக்கின்றான். நாற்பதாம் குறிப்பின் நடையில் உவமை இல்லை, தயக்கம் இல்லை, முற்றுப்பெறாத தொடர் இல்லை. முந்தைய குறிப்புகளைப் பார்த்து, இவற்றைத் தான்தான் எழுதினானா என வியக்கின்றான்; கையெழுத்து தன்னுடையதே என்பதால் ஒப்புக்கொள்கின்றான். ‘நான்’ என்னும் பெயர் அத்தொடர்களில் இன்னும் வருகின்றது, அதற்குரியவன் இல்லை.

நலம்புரிவோனின் அருகில் அமர்ந்து, காற்று உறிஞ்சப்படும் கண்ணாடிக் கூண்டிற்குள் ஒரு பெண் வதைக்கப்படுவதை அவன் காண்கின்றான். அவள் பெயரை அறியாதவன்போல் ‘அந்தப் பெண்’ என எழுதுகின்றான். பற்கள் வெண்மையாகவும் கூர்மையாகவும் இருந்தன, அது அழகாக இருந்தது எனக் குறிக்கின்றான். மூன்றுமுறை நினைவிழக்கச் செய்து மூன்றுமுறை உயிர்ப்பித்தும் அவள் பேசவில்லை. அவளோடு கொண்டுவரப்பட்ட பிறர் முதல்முறையிலேயே பேசிவிட்டனர் என்பதையும் அவன் பதிவுசெய்கின்றான். நகரின் மேற்குப் பகுதியில் கலகம் ஓயவில்லை. நாற்பதாம் சாலையில் உயர்மின்னழுத்தத் தற்காலிகச் சுவர் எழுப்பப்பட்டிருக்கின்றது. தம் தரப்பே வெல்லும் என்ற உறுதியோடு குறிப்பு முடிகின்றது. அவ்வுறுதியை எழுதுபவனின் குழந்தை, அவன் நினைவிலும் இல்லாத நிலையில், சுவருக்கு அப்பால் ஓ-90இடம் வளர்கின்றது.